முன் கண்ணாடியில் டேஷ்போர்டு தெரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயிலில் ஓட்டும்போது சாலையோடு சேர்ந்து டேஷ்போர்டும் முன் கண்ணாடியில் தெரிகிறது. ஏசி வென்ட்டின் கோடுகள், மூலையில் கிடக்கும் டோல் ரசீது, பிள்ளையார் சிலை எல்லாம் சாலையின் மேல் மங்கலாக மிதக்கின்றன. இதைச் சரிசெய்கிறோம் என்று ஸ்பிரே, ஃபிலிம், டேஷ்போர்டின் மேல் விரிக்கும் மேட், கூலிங் கிளாஸ் எனப் பலவும் விற்கிறார்கள். அவற்றில் பாதி வேலை செய்யாது. சிலது நிலைமையை இன்னும் மோசமாக்கும். கண்ணாடியில் செய்யவேண்டியது கொஞ்சம்தான், டேஷ்போர்டின் மேல்பரப்பில்தான் வேலை இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

டேஷ்போர்டு ஏன் கண்ணாடியில் தெரிகிறது?

எந்தக் கண்ணாடியும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். நேராக விழும் ஒளியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 சதவீதம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 8 சதவீதம் திரும்புகிறது. ஒளி சாய்ந்து விழ விழ இந்த அளவு ஏறும். இன்றைய கார்களின் முன் கண்ணாடி நன்றாகப் படுத்திருக்கிறது. ஓட்டுநரின் பார்வை அதை ஏறக்குறைய 60 டிகிரி சாய்வில் சந்திக்கிறது. அந்தச் சாய்வில் திரும்பும் ஒளி 16 சதவீதம் வரை போகும்.

டேஷ்போர்டின் மேல் வெயில் விழுகிறது, அது பிரகாசமாகிறது, அந்தப் பிரகாசத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்கு வருகிறது. கண்ணாடியின் சாய்வை நாம் மாற்ற முடியாது. டேஷ்போர்டு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை மாற்றலாம்.

பழைய கார்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததாக நினைவில்லையே?

நினைவு சரிதான். அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களில் முன் கண்ணாடி இன்றைய அளவுக்குச் சாயாமல் நிமிர்ந்தே நிற்கும். டேஷ்போர்டின் மேல்பகுதியும் ஒரு குறுகிய தட்டு அளவுதான். இப்போது காற்றைக் கிழித்துப் போகவும் மைலேஜ் கிடைக்கவும் கண்ணாடியைப் படுக்க வைக்கிறார்கள். அதற்கு அடியில் டேஷ்போர்டு ஒரு திண்ணை மாதிரி நீண்டுவிட்டது. பெரிய எம்பிவி வண்டிகளில் கைநீட்டினால்கூட கண்ணாடியின் அடிப்பகுதி எட்டாது.

எந்த நேரத்தில், எந்த மாதிரி சாலையில் இது அதிகம்?

காலை, மாலை வெயில் முகத்தில் அடிப்பது வேறு பிரச்சினை. அதற்கு சன் வைசர் போதும். டேஷ்போர்டு பிரதிபலிப்பு உச்சத்துக்குப் போவது சூரியன் உயரத்தில் இருக்கும்போது. சித்திரை, வைகாசி மதியத்தில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் எந்தத் திசையில் போனாலும் டேஷ்போர்டு முழுக்க வெயில் விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் மதியத்தில் ஓட்டினால் வெயில் எதிரிலிருந்து டேஷ்போர்டில் வந்து விழும்.

ஆனால் ஆபத்தை வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது, எதிரே தெரியும் காட்சி எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதும் முக்கியம். திறந்த வெளியில் சாலையும் பிரகாசமாக இருப்பதால் பிரதிபலிப்பு அதில் கரைந்துவிடும். புளியமரங்கள் கூடாரம் போட்ட பழைய சாலையில் நுழையும்போது பாருங்கள். உங்கள் டேஷ்போர்டில் இன்னும் வெயில் அடிக்கிறது, முன்னால் இருக்கும் சாலையோ நிழலில் கிடக்கிறது. அந்த நிழலில் கறுப்புச் சட்டையோடு ஒருவர் சைக்கிள் மிதித்துப் போனால், அவரிடமிருந்து வரும் ஒளியைவிடக் கண்ணாடியில் தெரியும் டேஷ்போர்டின் ஒளி அதிகமாக இருக்கலாம். அப்போது அவர் தெரிவது சந்தேகம். பாலத்துக்கு அடியில் நுழையும்போதும், கோவையிலிருந்து திருச்சூர் போகும் வழியில் குதிரான் சுரங்கப்பாதையை நெருங்கும்போதும் இதே கதைதான். இந்த இடங்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது நல்லது.

என் கண்ணாடி பால் படிந்தது போல் இருக்கிறது. இது பிரதிபலிப்பா, அழுக்கா?

இதைக் கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள். வெயிலில் வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டு முழுவதையும் ஒரு கறுப்புப் பருத்தித் துணியால் மூடுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் வீட்டில் இருந்தால் கறுப்பு வேட்டிக்குப் பஞ்சமிருக்காது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நிழலான ஓரிடத்தைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். மங்கல் போய்விட்டால் அது பிரதிபலிப்பு. துணி போட்ட பிறகும் வெண்மை அப்படியே இருந்தால் கண்ணாடியின் உள்பக்கம் படலம் படிந்திருக்கிறது. வைப்பர் போகும் பாதையில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள் மின்னினால் அது கீறல். கீறலுக்குத் துடைப்பதும் பாலிஷும் உதவாது. பார்வைக்கு நேராக மோசமாக இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே வழி.

பெரும்பாலான வண்டிகளில் பிரதிபலிப்பு, படலம் இரண்டும் கலந்தே இருக்கும். இரண்டு வேலையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம்.

வாட்டர் வாஷ் விட்டு வந்த அன்றுதான் கண் அதிகம் கூசுகிறது. ஏன்?

டேஷ்போர்டில் அவர்கள் அடித்த பாலிஷ்தான் காரணம். கார் கம்பெனிகள் டேஷ்போர்டின் மேல்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக, மங்கலாகச் செய்கின்றன. அந்தச் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிலிகான் கலந்த பாலிஷ் அந்தப் பள்ளங்களை நிரப்பி மேலே ஒரு வழவழப்பான எண்ணெய்ப் பரப்பை உண்டாக்குகிறது. சிதறவேண்டிய ஒளி அங்கிருந்து கோடாகக் கிளம்பி நேரே கண்ணாடிக்குப் போகிறது. வண்டி புதுசு மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள், ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் நடக்கிறது. டேஷ்போர்டில் பாலிஷ் தேய்த்த அதே துணியால் கண்ணாடியையும் துடைத்துவிடுவார்கள். சிலிகான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் எதிரில் வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டும் இரவில் பூப்போல விரியும்.

வண்டியை விடும்போதே "உள்ளே பாலிஷ் வேண்டாம், ஈரத்துணி மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். வேலை மிச்சம் என்று அவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

பாலிஷ் அடிக்காவிட்டால் வெயிலில் டேஷ்போர்டு வெடித்துவிடும் என்கிறார்களே?

முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. அந்தத் தாளே புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மிச்சமிருப்பது சூடு. சூட்டைப் பாலிஷ் தடுக்காது. நிறுத்தியிருக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சன் ஷேட் வைத்தால் அது தடுக்கும், நிழலில் நிறுத்தினால் இன்னும் நல்லது. ஏதாவது பூசித்தான் ஆகவேண்டும் என்றால் தண்ணீர் அடிப்படையிலான, மேட் ஃபினிஷ் (பளபளக்காதது) என்று போட்ட பொருளை வாங்குங்கள். அதையும் கதவு, கிளவ் பாக்ஸ் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அடித்த பாலிஷை எப்படி எடுப்பது?

வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து தேய்க்க வேண்டும். பள்ளங்களில் தங்கியிருப்பதை எடுக்க, பெயின்ட் பிரஷ் போன்ற மிருதுவான பிரஷ் ஒன்று வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த இன்னொரு துணியால் சோப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எதையும் டேஷ்போர்டின் மேல் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள். சுவிட்சுக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் இறங்கிவிடும்.

சிலிகான் ஒரே தடவையில் போகாது. முதல் முறை துடைத்துக் காய்ந்ததும் திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் செய்யுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகவேண்டாம். அவை பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்கும், வெளுத்த டேஷ்போர்டு இன்னும் அதிகமாகத் தெரியும்.

கண்ணாடியின் உள்பக்கத்தை நாங்கள் யாரும் தொடுவதே இல்லை. அங்கே எப்படிப் படலம் வருகிறது?

வெயிலில் சூடாகும் பிளாஸ்டிக்கிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பி, கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் பசையாகப் படிகிறது. புது வண்டியில் வரும் அந்த "புது வாசனை"யின் மறுபக்கம் இது. அதனால்தான் வாங்கிச் சில மாதமே ஆன வண்டியிலும் கண்ணாடி மங்குகிறது. மழைக்காலத்தில் கண்ணாடியில் சீக்கிரம் நீராவி படிவதற்கும் இந்தப் பசை ஒரு காரணம்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலை அதே அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். உடனே இன்னொரு சுத்தமான, காய்ந்த துணியால் தேய்த்து எடுக்க வேண்டும். முதல் துணி பசையைக் கரைக்கும், இரண்டாவது துணிதான் அதை வெளியே எடுக்கும். ஒரே துணியில் செய்தால் பசையை இடம் மாற்றியதோடு சரி. வண்டி நிழலில் நிற்கட்டும், கண்ணாடி சூடாக இருந்தால் ஆல்கஹால் காய்ந்து கோடு விழும். கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம், கலவை டேஷ்போர்டில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குறுக்காகவும் வெளியே மேலிருந்து கீழாகவும் துடைத்தால், மிச்சமிருக்கும் கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். கீழ் மூலைகளுக்குக் கை எட்டாவிட்டால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்பி, விரல்களின் பின்பக்கத்தால் துணியைத் தள்ளுங்கள்.

டேஷ் மேட் வாங்கலாமா? எந்த வகை?

பாலிஷை எடுத்து, கண்ணாடியையும் துடைத்த பிறகும் தொல்லை இருந்தால் வாங்கலாம். வெளிர் நிற டேஷ்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் உண்மையான தீர்வு. ராலி கார்களின் டேஷ்போர்டில் கறுப்பு வெல்வெட் போன்ற இழைப்பூச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை, இதே காரணத்துக்குத்தான். இழைகளுக்குள் போன ஒளி திரும்பி வருவது குறைவு.

அதனால் நிறம் கறுப்பு, பரப்பு ரோமம் போல. வெல்வெட், ஃபெல்ட், கார்பெட் வகைகள் சரி. சீட் கவர் கடைகளில் காட்டும் ரெக்சின், லெதரெட், கார்பன் ஃபைபர் டிசைன் எதுவும் வேண்டாம். மினுக்கும் மேட்டுக்கு, மேட்டே இல்லாமல் இருப்பது மேல். உங்கள் மாடலுக்கென்றே வெட்டியதா என்று பாருங்கள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஆக்சசரீஸ் கடைத்தெருவுக்குப் போகும்போது மேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், அங்கேயே வண்டியில் விரித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஏர்பேக். முன் இருக்கைப் பயணியின் ஏர்பேக் பல கார்களில் டேஷ்போர்டின் மேல்பக்கத்தைத் திறந்துகொண்டு வரும். இந்தியாவில் 2021 முதல் அறிமுகமான புது மாடல் கார்களில் முன் பயணிக்கான ஏர்பேக் கட்டாயம். மோதிய பிறகு அது விரிய எடுக்கும் நேரம் நாம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. அதன் மேல் எதுவும் கிடக்கக்கூடாது. ஏர்பேக் மூடி இருக்கும் இடம் வெட்டப்பட்ட மேட் மட்டும் வாங்குங்கள். "மேலே போட்டாலும் கிழித்துக்கொண்டு வந்துவிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போகலாம்.

கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றுத் துவாரங்கள், தானியங்கி ஏசி உள்ள வண்டிகளில் பொத்தான் போலத் தெரியும் வெயில் சென்சார், ஸ்பீக்கர், கண்ணாடியில் வேகம் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருந்தால் அதன் திறப்பு, இவை எதையும் மேட் மூடக்கூடாது. டபுள் சைடு டேப்பின் பசை வெயிலில் உருகி டேஷ்போர்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சின்னச் சின்ன வெல்க்ரோ துண்டுகள் போதும்.

மேட்டுக்குப் பதிலாக டவல் விரித்தால் என்ன?

சோதித்துப் பார்க்க நல்லது, ஓட்டுவதற்கு வேண்டாம். பிரேக் அடித்தால் நழுவி வரும், ஏர்பேக்கையும் மூடும்.

எங்கள் கார் உள்ளே பீஜ் (வெளிர் பழுப்பு) நிறம். தப்பான காரை வாங்கிவிட்டோமா?

உற்றுப் பாருங்கள். உள்ளே பீஜ் என்று சொல்லப்படும் பல கார்களிலும் டேஷ்போர்டின் கீழ்ப்பாதிதான் பீஜ், கண்ணாடிக்கு நேர் கீழே இருக்கும் மேல்பாதி கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் தெரியும். மேல்பாதியும் வெளிர் நிறம் என்றால் மேட் போடுங்கள், அவ்வளவுதான். பெயின்ட் அடிக்கும் யோசனை வேண்டாம். ஏர்பேக் மூடியின் மடிப்பில் பெயின்ட் ஏறினால் அது சரியாகத் திறக்காமல் போகலாம்.

டேஷ்போர்டில் சாமி சிலை வைத்திருக்கிறோம். எடுக்க வேண்டுமா?

பளபளக்கும் பித்தளைப் பிள்ளையார், கண்ணாடிக் குடுவையில் வேளாங்கண்ணி மாதா, பச்சைக் குப்பியில் வாசனைத் திரவம் எல்லாமே கண்ணாடியில் இன்னொரு முறை தோன்றும். வெள்ளைக் காகிதம் அதைவிட மோசம். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், மங்கலான கறுப்பு பிளாஸ்டிக் 5 சதவீதம்தான். ஆகவே ஒரு டோல் ரசீது அதே அளவு டேஷ்போர்டைவிடப் பதினாறு மடங்கு பிரகாசம். ரசீதுகளை கிளவ் பாக்ஸில் போடுங்கள்.

சாமியை எடுக்கச் சொல்ல மாட்டேன். அது வீட்டில் பெரியவர்களோடு பேசவேண்டிய விஷயம். சின்னதாக, மினுக்காத கருங்கல் நிறத்தில், ஓட்டுநரின் பார்வைக்கு நேராக இல்லாமல், ஏர்பேக்குக்கு மேலேயும் இல்லாமல், உறுதியாக ஒட்டி வைக்கலாம். அப்புறம், இரவில் சிவப்பும் பச்சையுமாக மின்னும் எல்இடி மாலையை மட்டுமாவது ஓட்டும்போது அணைத்துவிடுங்கள்.

கூலிங் கிளாஸ் போட்டால் தீருமா?

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி சாலையையும் மங்கலாக்கும், பிரதிபலிப்பையும் அதே அளவு மங்கலாக்கும். லாபமில்லை. போலரைஸ்டு கண்ணாடி வேறு ரகம். சாய்ந்த கண்ணாடியில் பட்டு வரும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாகிவிடும். அது ஏறக்குறைய முழுமையாக அப்படி ஆகும் சாய்வு சுமார் 56 டிகிரி, நம் முன் கண்ணாடிகள் இருப்பதும் அதையொட்டித்தான். போலரைஸ்டு கண்ணாடி கிடைமட்ட அதிர்வை மட்டும் தடுப்பதால் டேஷ்போர்டின் பிம்பம் சட்டென்று மறையும், சாலை நிற்கும். முதல்முறை போட்டுப் பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது.

குறைகளும் உண்டு. சில ஸ்க்ரீன்கள் இதன் வழியாக இருட்டாகத் தெரியும், ஹெட்-அப் டிஸ்ப்ளே காணாமல்கூடப் போகலாம். மற்ற ஜன்னல்களில் புள்ளி புள்ளியாகக் கோலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது கண்ணாடியைக் கெட்டிப்படுத்தியபோது விழுந்த தடம். இருட்டியதும் கழற்றிவிட வேண்டும். கடையில் அசல்தானா என்று பார்க்க, ஒரு லேப்டாப் ஸ்க்ரீன் முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஸ்க்ரீன் இருண்டால் அது போலரைஸ்டு.

முன் கண்ணாடியில் ஆன்ட்டி கிளேர் ஃபிலிம் ஒட்டலாமா?

இந்தத் தொல்லைக்கு அது மருந்தில்லை. வெளியே தெரியும் சாலையின் ஒளி ஃபிலிமை ஒருமுறை கடந்து கண்ணுக்கு வருகிறது. டேஷ்போர்டில் விழும் வெயிலும் ஃபிலிமை ஒருமுறை கடந்துதான் உள்ளே வருகிறது. இரண்டும் ஒரே அளவு குறைவதால் சாலைக்கும் பிரதிபலிப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரவில் பார்வை குறைவது மட்டும் நிச்சயம்.

சட்டமும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிம்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பு கொடுத்ததும் இந்த விதியை வைத்துத்தான்.

இரவிலும் கண்ணாடியில் ஏதோ தெரிகிறதே?

அது உள்ளே எரியும் விளக்குகள். மீட்டர் விளக்கைக் குறைக்கும் பொத்தான் அல்லது திருகு பெரும்பாலான கார்களில் உண்டு, பலர் அதைத் தொட்டதே இல்லை. பெரிய ஸ்க்ரீனை நைட் மோடுக்கு மாற்றுங்கள், உள்ளே அழகுக்கு எரியும் ஆம்பியன்ட் லைட்டை அணையுங்கள். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீர்கள். அது கண்ணுக்கு வரும் ஒளியைத்தான் குறைக்கும்.

பக்கவாட்டு மிரரைப் பார்க்கும்போது ஏசி வென்ட்டின் குரோம் வளையம் குறுக்கே தெரிகிறது.

கதவுக் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு அது. பல மாடல்களில் வலது வென்ட்டின் குரோம், சரியாக வெளி மிரர் தெரியும் இடத்தில் போய் விழுகிறது. ஸ்டிக்கர் கடையில் மினுக்காத கறுப்பு வினைல் ஸ்டிக்கர் வாங்கி, குரோமின் மேல் மட்டும் ஒட்டுங்கள். காசும் அதிகமில்லை, வேண்டாமென்றால் உரித்துவிடலாம்.

அப்பாவுக்கு 65 வயது. ஒரே காரில் எனக்குத் தெரியாத கூச்சம் அவருக்குத் தெரிகிறது.

வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மங்கும், ஒளி அதற்குள்ளேயே சிதறும். கண்புரை தொடங்கியிருந்தால் கூச்சம் இன்னும் அதிகம். காரைச் சுத்தம் செய்வதோடு கண் டாக்டரிடமும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

டேஷ்கேம் வீடியோவில் சாலையைவிட டேஷ்போர்டுதான் தெளிவாக விழுகிறது. என்ன செய்ய?

கேமராவைக் கண்ணாடிக்கு எவ்வளவு நெருக்கமாக ஒட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக ஒட்டுங்கள். பிறகு அந்த மாடலுக்குப் பொருந்தும் சிபிஎல் ஃபில்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் செய்யும் அதே வேலையை லென்ஸுக்கு அது செய்யும். மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. வெயிலில் வண்டியை நிறுத்தி, ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே ஃபில்டரை மெதுவாகத் திருப்ப வேண்டும், பிம்பம் மறையும் இடத்தில் விட்டுவிட வேண்டும். இரவில் படம் கொஞ்சம் இருட்டாகத்தான் விழும். இரவுப் பயணம் அதிகம் என்றால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு டேஷ் மேட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.